இனிக்கும் வேர், இறங்காத பிரஷர்

போன வருடத்துக்கு முந்தைய வருடம், மாசி மாதம். இலங்கையில் நமுனுகுல மலையை ஒட்டிய எங்கள் தேயிலைத் தோட்டத்தில் காமன் கூத்து நடந்துகொண்டிருந்தது. அந்த நாட்களில் மத்தியானம் தாண்டியதும் மலையிலிருந்து பனி இறங்கும். முதலில் நிழல் மரங்கள் மறையும், பிறகு நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களின் கூரைகள், கடைசியில் ஆட்கள். எல்லாம் மறைந்த பிறகும் அப்பாவின் குரல் மட்டும் மிச்சமிருக்கும். தேயிலைச் செடிகளுக்கு இடையில் நின்று கேட்டால், யாரோ ஒருவர் பாடுகிறார் என்றே தோன்றாது. பனியே பாடுவது போல இருக்கும்.

அப்பா எங்கள் கூத்தின் பாட்டு வாத்தியார். கதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சிவனின் தவத்தைக் கலைக்கப் போன மன்மதன் நெற்றிக் கண்ணில் எரிந்து சாம்பலாகிறான். ரதி அழுது மன்றாடுகிறாள். மூன்றாம் நாள் அவன் எழுகிறான். கூத்தின் தொடக்கமாகக் காமன் கம்பம் நடுவதிலிருந்து மன்மதன் எழும் வரைக்கும் வாத்தியார் பாட வேண்டும். மணிக்கட்டில் காப்பு நூல் கட்டிக்கொண்டவர்கள் அதுவரை அதை அவிழ்க்கக் கூடாது. தோட்டத்து எல்லையைத் தாண்டி வெளியில் தங்கவும் கூடாது.

அப்பா வேலை செய்தது தேயிலைத் தொழிற்சாலையின் சலிக்கும் அறையில். அங்கே தூள் மிதந்துகொண்டே இருக்கும். சில வருடங்களுக்கு முன்பு அவர் தொண்டை சிவந்து வீங்கிப் போனது. அழற்சி என்றார்கள். மருந்து கொடுத்தால் ஆறும், மறுபடி வரும். பாடுகிறவருக்கு அது பெரிய துன்பம். கூத்துக்காரர்கள் எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். பதுளை பஜாரில் நாட்டு மருந்துக் கடையில் அதிமதுரம் வாங்கி, ஒரு துண்டைக் கடைவாயில் அடக்கிக்கொண்டார். தொண்டை ஆறியது. குரலும் திரும்பியது. மற்றவர்கள் கூத்து முடிந்ததும் நிறுத்திவிடுவார்கள். தூளுக்குள் வேலை செய்த அப்பா நிறுத்தவில்லை. வேலையிலிருந்து நின்ற பிறகும் அந்தப் பழக்கம் அவரோடு தங்கிவிட்டது.

அதற்குப் பிறகுதான் பிரஷர் வந்தது. வந்தது இறங்கவில்லை.

நான் பதுளையில் மருத்துவக் கருவிகள் பழுதுபார்க்கும் சிறிய நிறுவனம் ஒன்றில் டெக்னீஷியன். ஒரு கருவி தவறாக ஓடினால் சாத்தியமான காரணங்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றாகச் சோதித்து வெட்டிக்கொண்டு வருவதுதான் எங்களுக்குச் சொல்லித் தந்த முறை. அப்பா விஷயத்திலும் அதைத்தான் செய்தேன். முதலில் பிரஷர் பார்க்கும் கருவி. கொண்டுபோய் எங்கள் நிறுவனத்துச் சரிபார்க்கும் கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது. கைப்பட்டை, பொருத்தமான அளவுதான். மாத்திரைகளின் காலாவதித் தேதி, சரி. உப்பு, அம்மா கருவாட்டை நிறுத்தி மாதக்கணக்காகிவிட்டது. சாராயம், அப்பா தொடுவதில்லை. மூட்டு வலி மாத்திரை, அதுவும் இல்லை. குறட்டை என்ற வரி வந்தபோது அம்மாவிடம் கேட்டேன்.

"வுடுறது நானு. பிரஷரு அவருக்கு. எழுதிக்க," என்றார் அம்மா.

எல்லா வரிகளையும் வெட்டியாகிவிட்டது. பிரஷர் அப்படியே நின்றது. எங்கள் பெரியப்பா இதே பிரஷரில்தான் ஒரு பக்கம் விழுந்து, பேச்சு இல்லாமல் படுத்துக் கிடந்து இறந்தார். ஆகவே வீட்டில் யாரும் அந்த நோயை லேசாகப் பேசுவதில்லை. அப்பாவின் கைப்பட்டையில் காற்று ஏறும்போது அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பார். எண் விழுந்ததும் உள்ளே போய்விடுவார்.

நாங்கள் காட்டிக்கொண்டிருந்த டொக்டர் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனார். மூன்றாவதாகக் கொடுத்தது நீர் பிரியும் மாத்திரை. இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் குறைவு என்று வந்தது. அது நீர் மாத்திரையால் வருவது, வாழைப்பழம் சாப்பிடட்டும் என்றார். அப்பாவின் கெண்டைக்கால் அடிக்கடி பிடித்துக்கொண்டது. நின்று பாடுகிறவருக்கு அது வரும்தானே என்று நாங்கள் நினைத்தோம். நாட்டு மருந்து ஏதாவது எடுக்கிறாரா என்று டொக்டர் கேட்டார். இல்லை என்றார் அப்பா, மனதாரத்தான். கடைசியில் டொக்டர் என்னைப் பார்த்து, அப்பா அங்கே உட்கார்ந்திருக்கவே இல்லை என்பது போல, "மாத்திரைய ஒழுங்கா குடிக்கிறதில்லன்னு நினைக்கிறேன். எஸ்டேட் ஆக்கள் நிறையப் பேர் இப்படித்தான்," என்றார்.

தோட்டத்துச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அப்பா கேட்டார். "வேணுன்னா தெனமும் வெடிஞ்சதும் அவரு வூட்டு வாசல்ல போயி நின்னு மாத்திரைய முழுங்கிக் காட்டிட்டு வரவா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மன்மதன் எரியும் நாள் வந்தது. அன்று பகலில் ரதியும் மன்மதனும் லயம் லயமாகப் போய் ஒவ்வொரு வாசலிலும் ஆடுவார்கள். எங்கள் ஊரில் ரதி வேஷம் கட்டுவதும் ஆண்தான். ரதி எங்கள் லயத்து ஆட்டோக்கார அண்ணன். மஞ்சள் சேலை, சவுரி முடி, இரண்டு கை நிறைய வளையல். தப்பு மேளம் முழங்க, அப்பா பாட, கூட்டம் பனிக்குள் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. நான் லீவு எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். மேல் லயத்து வாசலில் ரதி சுழன்று ஆடிக்கொண்டிருந்தபோது அப்பா கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாவது போல எனக்குத் தெரிந்தது. பாட்டு நிற்கவில்லை. ஆள்தான் இறங்கிக்கொண்டே போனார். முழங்கால் மடங்கி, மண்ணில் உட்கார்ந்து, பிறகு பக்கவாட்டில் சாய்ந்தார். அந்த அடி முடியும் வரைக்கும் அவர் வாய் பாடிக்கொண்டிருந்தது.

கூட்டம் கைகூப்பி நின்றது. வாத்தியாருக்கு அருள் வந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். தப்பு இன்னும் வேகமாக முழங்கியது. ஒருவர் வேப்பிலை எடுக்க ஓடினார். இன்னொருவர் அப்பாவின் காலடியில் சூடம் ஏற்றினார். யாரும் தொடவில்லை. அருள் வந்தவரைத் தொடக் கூடாதே. கனவில் நாம் கத்துவோம், சத்தம் வெளியே வராது, அல்லவா? நான் அப்படித்தான் நின்றிருந்தேன். சூடத்தின் புகை பனியோடு கலந்து மேலே போனதைக்கூடப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். "சாமியும் இல்ல, பூதமும் இல்ல. மனுசனுக்கு முடியல. தூக்குங்கடா!"

அப்போதுதான் தப்பு நின்றது.

ரதி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆட்டோவை எடுக்க ஓடினார். வேஷம் கலைக்க நேரமில்லை. அம்மா முன்னால் அவர் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார். நான் பின்னால் அப்பாவை மடியில் சாய்த்துக்கொண்டேன். பதுளைக்கு இறங்கும் வளைவுகளில் வளையல் கலகலக்க, சவுரி முடி காற்றில் பறக்க, ரதி ஹோர்ன் அடித்துக்கொண்டே ஓட்டினார். எதிரே வந்த பஸ்ஸின் டிரைவர் வாயைத் திறந்து பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது.

"அண்ணே, காப்போட எல்லையத் தாண்டிட்டீங்களே," என்றேன்.

"இருட்டுறதுக்குள்ள திரும்பிருவேன். தாண்டக் கூடாதுன்னு இல்ல தங்கச்சி, தங்கத்தான் கூடாது," என்றார். பிறகு கண்ணாடியில் பின்னால் பார்த்து, "வாத்தியாரே, பேசிக்கிட்டே வாங்க. தூங்கிராதீங்க," என்று குரல் கொடுத்தார்.

அப்பா என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். "காலு எங்க இருக்குன்னே தெரியல புள்ள. வலியும் இல்ல. தண்ணிக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு." பயப்படுகிற முகமே இல்லை அவருக்கு. எனக்குப் பெரியப்பாவின் முகம்தான் வந்து வந்து போனது.

ஆஸ்பத்திரி வாசலில் நின்ற காவலாளி ரதியைப் பார்த்து, "மிஸ், ஆட்டோவ அங்கால எடுங்க," என்றார். பிறகு மீசை மழித்த தடத்தை உற்றுப் பார்த்துவிட்டுத் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொடுத்தார்.

பக்கவாதம் என்று நாங்கள் நினைத்தோம். ஆனால் இரண்டு கால்களுமே அசையவில்லை, பேச்சு தெளிவாக இருந்தது. பிரஷரின் மேல் எண் இருநூறைத் தாண்டியிருந்தது. நெஞ்சில் ஒட்டிய வயர்களிலிருந்து திரையில் ஓடிய அலைகளைப் பார்த்தேன். அந்த வகைத் திரையை எத்தனையோ முறை திறந்து மூடியிருக்கிறேன். அலைகள் தட்டையாகி, இடையிடையே தடுமாறின. கருவியில் கோளாறாக இருக்கக் கூடாதா என்று முதல்முறையாக ஆசைப்பட்டேன். வயர்கள் சரியாகத்தான் ஒட்டியிருந்தன.

இரத்த முடிவு வந்தது. பொட்டாசியம் மிகவும் கீழே போயிருந்தது. வார்ட்டில் இருந்தவர் தமிழ் பேசத் தெரிந்த இளம் சிங்களப் பெண் டொக்டர், என் வயதுதான் இருக்கும். நீர் மாத்திரை ஒன்றால் மட்டும் இவ்வளவு இறங்காது என்று கோப்பைப் புரட்டிக்கொண்டே தனக்குள் சொல்லிக்கொண்டார். அதற்குள் நர்ஸ் கையில் ஊசி ஏற்ற வந்து, காப்பு நூலைப் பார்த்து, கத்தரிக்கோலை எடுத்தார்.

அப்பா கையை இழுத்துக்கொண்டார். "வேணாம் மிஸ். கழுத்த வேணா வெட்டுங்க, இத வெட்டாதீங்க."

டொக்டர் கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தினார். "அய்யா, அது என்ன?"

நர்ஸ் மற்றக் கையில் ஊசி ஏற்ற, அப்பா சொல்லத் தொடங்கினார். கம்பம் நட்டது, மன்மதன் இன்றைக்கு எரியப் போவது, காப்போடு எல்லைக்கு வெளியே தங்க வேண்டி வந்தது, தான் பாடாமல் அவன் எப்படி எரிவான் என்கிற கவலை, எல்லாவற்றையும். வேறு யாராக இருந்தாலும் பாதியில் நிறுத்தியிருப்பார்கள். அந்த டொக்டர் கட்டிலின் ஓரத்தில் கை வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

"இந்தப் பனியில இவ்வளவு நாள் பாடுறதா? எனக்கு ஒரு ரவுண்டு பேஷண்டோட பேசினாலே தொண்டை போயிடும். உங்களுக்கு எப்படி?"

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. இடுப்பு மடியைத் தடவி ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். "ஒண்ணு எப்பவும் வாயில கெடக்கும் டொக்டரம்மா. இந்தா, இப்பவும் கெடக்கு." நாக்கால் கடைவாயிலிருந்து தள்ளிக் காட்டினார். மென்று மென்று நாராகிப் போன ஒரு மஞ்சள் துண்டு.

டொக்டர் பொட்டலத்தில் இருந்த வேரை எடுத்து முகர்ந்தார். "வெல்மீ," என்று சிங்களப் பெயரைச் சொல்லிவிட்டுத் தமிழுக்குத் திரும்பினார். "எவ்வளவு காலமா?"

"தொண்ட வீங்குன நாள்லேருந்து. காலையில போட்டா படுக்கிற வரைக்கும். துப்புறதில்லீங்க, சாற முழுங்கிருவேன்."

"நாட்டு மருந்து ஒண்ணும் இல்லைன்னு இதில எழுதியிருக்கே?"

"மருந்தா?" அப்பா உண்மையிலேயே திகைத்துப் போனார். "இது கொரலுக்கு வச்சிக்கிறதுங்க. மருந்துன்னா கசக்கணும்ல? இது இனிக்குது."

டொக்டர் சிரிக்கப் பார்த்து, முடியாமல், என்னை வெளியே அழைத்தார். அங்கே நின்றபடி அவர் விளக்கியதை எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன். வீக்கத்தை அடக்குவதற்கு நம் உடம்பே ஒரு பொருளைச் சுரக்கிறது. வேலை முடிந்ததும் அது செயலிழந்துவிட வேண்டும். அதிமதுரம் அப்படிச் செயலிழக்க விடாமல் வைத்துக்கொள்கிறது. தொண்டையில் இருந்த அழற்சி ஆறியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அதே பொருள் சிறுநீரகத்தில் தேங்கினால் உப்பைப் பிடித்து வைக்கும், பொட்டாசியத்தை வெளியே தள்ளும். பிரஷர் ஏறும், எத்தனை மாத்திரைக்கும் அடங்காது. நீர் மாத்திரை வேறு மிச்சமிருந்த பொட்டாசியத்தையும் கொண்டுபோய்விட்டது. எப்போதாவது கொஞ்சம் எடுப்பவர்களுக்கு இப்படி ஆவதில்லை, இவர் வருடக்கணக்காக விழுங்கியிருக்கிறார்.

"மாத்திரை எல்லாம் ஒழுங்கா குடிச்சிருக்கார். அதனாலதான் இவ்வளவு நாள் தாங்கினது," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா இதயம் நின்றிருக்கும். இப்பவும் இந்த இரவு கவனமா இருக்கணும்," என்றார்.

நான் திரும்பி வந்தபோது பாட்டிலிலிருந்து பொட்டாசியம் சொட்டத் தொடங்கியிருந்தது. அம்மா அப்பாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரதி போய்விட்டிருந்தார். இருட்டத் தொடங்கிய நேரம் அவர் போனில் அழைத்தார். அப்பா அதை நெஞ்சில் வைக்கச் சொன்னார். போனிலிருந்து தப்பு கேட்டது, சிறியதாக, ஏதோ ஒரு பூச்சி சிறகடிப்பது போல. பின்பாட்டுக்காரர் அப்பாவின் இடத்தில் பாடத் தொடங்கியிருந்தார். அப்பாவின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. அடுத்த கட்டிலில் இருந்த சிங்கள ஐயா ஏதோ கேட்டார். அம்மா தனக்குத் தெரிந்த சிங்களத்தில், கல்யாண வீடு என்று சொல்லி வைத்தார். மன்மதன் எரிகிறான் என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது?

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த நேரத்தில் என்று சொல்லத் தெரியவில்லை, தட்டையாக இருந்த அலைகள் மெதுவாக முதுகு நிமிர்த்தின. அப்பா தூக்கத்தில் காலை நீட்டினார். அம்மா ஒரு கேவலோடு அந்தக் கால் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலையில் அப்பா எழுந்து நடந்தார். டொக்டர் நிபந்தனைகளோடு வீட்டுக்கு அனுப்பினார். மாத்திரைகளில் நீர் மாத்திரை மட்டும் நிறுத்தம். பிரஷர் இறங்க வாரங்கள் ஆகும், அவசரப்படக் கூடாது. அடுத்த வாரம் மறுபடி இரத்தம் பார்க்க வேண்டும். வேர் இனி வாய்க்கு அருகிலேயே வரக் கூடாது.

"பாடலாமா?" என்றார் அப்பா. அவருக்கு வேறு கேள்வியே இல்லை.

"உட்கார்ந்து. ஒரே ஒரு பாட்டு. எழும்பி நிக்கக் கூடாது."

அழைத்துப் போக வந்த ஆட்டோக்கார அண்ணன், இப்போது வேஷமில்லாமல், அப்பாவைப் பார்த்ததும் சொன்னார். "என்னா வாத்தியாரே, மன்மதன் இன்னைக்குத்தான் எந்திரிக்கணும். அவனுக்கு முந்தி நீங்க எந்திரிச்சிட்டீங்க?"

கூத்து நடக்கும் காமன் பொட்டலில் நாற்காலி போட்டிருந்தார்கள். சாம்பலைச் சுற்றி ஊரே நின்றது. அப்பா தொடங்கினார். குரல் வந்தது, ஆனால் நான் சிறுவயதிலிருந்து கேட்ட குரல் இல்லை. வறண்டு, மெலிந்து, ஓரங்களில் பிசிறடித்தது. புருஷனைத் திருப்பிக் கொடு என்று ரதி சிவனிடம் கேட்கும் இடத்தில் பாட்டு மேலே ஏற வேண்டும். அப்பா ஏறப் பார்த்தார். குரல் உடைந்து நின்றுவிட்டது. மறுபடி முயன்றார், வெறும் காற்றுதான் வந்தது. தப்புக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அப்பாவின் கை மடியைத் தடவியது. மடியில் ஒன்றுமில்லை.

எங்கள் கூத்தில் பெண்கள் பாடுவதில்லை. சுற்றி நின்று பார்ப்பார்கள், அவ்வளவுதான். அம்மாவின் குரலில் ஒரு தாலாட்டைக்கூட நான் கேட்டதாக ஞாபகமில்லை. அந்த அம்மா நாற்காலிக்குப் பின்னால் நின்றபடி, தாழ்ந்த குரலில், நின்றுபோன அதே வரியை எடுத்தார். உயரே போகவில்லை. பேசுவது போலத்தான் பாடினார். ஆனால் ஒரு சொல்லும் தவறவில்லை. எத்தனை வருடம் அடுப்படியிலிருந்து அப்பா பாடிப் பழகுவதைக் கேட்டிருப்பார்! அப்பா திரும்பிப் பார்த்தார். பிறகு அவரும் அந்தத் தாழ்ந்த சுருதிக்கே இறங்கி வந்து சேர்ந்துகொண்டார். பக்கத்தில் நின்ற பெண்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். பனியில் முகங்கள் தெரியவில்லை. அந்தப் பாட்டில் மன்மதன் எழுந்து வந்தபோது எங்கள் தோட்டத்தில் வழக்கமாக எழும் குலவை, பெண்கள் பாடிக்கொண்டிருந்ததால், அன்று கொஞ்சம் தாமதமாகத்தான் எழுந்தது.

டொக்டர் சொன்னது போலவே வாரங்கள் ஆயின. பிரஷர் படிப்படியாக இறங்கியது. மாத்திரையும் ஒன்றாகக் குறைந்தது. தொண்டைக்கு அப்பா இப்போது ஆவி பிடிக்கிறார், ஓய்வு கொடுக்கிறார். பழைய உயரத்துக்குக் குரல் போவதில்லை. போகாது என்று அவரும் ஒப்புக்கொண்டுவிட்டார். அம்மாவிடம், "நீதான் என்னையக் கீழ எறக்கிப்புட்ட," என்று குறை சொல்வார். "எறக்காட்டி போயிருப்ப," என்பார் அம்மா.

உடம்பைப் பற்றி எத்தனையோ பேர் அப்பாவிடம் கேட்டோம், அவரும் உண்மையைத்தான் சொன்னார். பாட்டைப் பற்றிக் கேட்க ஒருவருக்குத்தான் தோன்றியது. இப்போதும் மாலையில் பனிக்குள்ளிருந்து அப்பாவின் தாழ்ந்த குரல் வரும்போதெல்லாம், பெயர்கூடக் கேட்டு வைக்காத அந்த டொக்டர் கட்டிலோரம் நின்று கதை கேட்ட அந்தச் சில நிமிடங்கள்தான் அவரை எங்கள் வீட்டுக்குத் திருப்பித் தந்தன என்று எனக்குத் தோன்றும்.